மாத்திரையோடு எங்கள் வாசலுக்கு வரும் செவிலியர்களுக்கு

மல்லசமுத்திரம் வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத் தன்னார்வலர்களுக்கும், வலி நிவாரணச் செவிலியருக்கும்,



உங்கள் பதிவேட்டில் என் மாமியாரின் பெயருக்கு நேரே இரத்தக் கொதிப்பு என்று எழுதியிருக்கும். மாத்திரை கொடுத்த தேதிகளும் இருக்கும். அவருடைய வயிற்றின் இடப்பக்கம் ஒரு பை ஒட்டியிருக்கிறது என்பது அதில் இருக்காது. எழுதாதது உங்கள் குறை இல்லை. நீங்கள் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அத்தை வெளியே வர மாட்டார். "நீயே வாங்கிக்க கண்ணு" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வரும். பிரஷர் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால், சேலையை இழுத்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, கதவோரம் நின்று கையை மட்டும் நீட்டுவார். முடிந்ததும் அப்படியே உள்ளே போய்விடுவார்.

இந்த வட்டாரத்தில் இப்படி உள்ளேயே இருப்பவர் என் அத்தை ஒருவர் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பழகியதில் எனக்குத் தெரிந்தவர்களே சிலர் இருக்கிறார்கள். வையப்பமலைப் பக்கம், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தம்பிக்குக் குடல் ஓட்டையாகி அவசரமாக அறுத்ததில் சிறுகுடலை வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். பருத்திப்பள்ளிப் பக்கம் ஒரு குழந்தை, பிறக்கும்போதே மலவாய் இல்லாமல் பிறந்தது. புற்றுநோய், குடல் காசநோய், விபத்து, சிறுநீர்ப்பையை எடுக்க வேண்டி வந்தவர்கள் என்று காரணங்கள் பல. வயிற்றில் ஒரு வாய், அதன் மேல் ஒரு பை என்பதுதான் எல்லோருக்கும் பொது. அக்கம்பக்கத்துக்குக்கூடத் தெரியாமல் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குள் உரிமையோடு போய்வரக்கூடியவர்கள் நீங்கள்தான். அதனால்தான் இந்த மடலை டாக்டர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அத்தைக்கு மலக்குடலில் புற்று. கண்டுபிடித்தபோது மிகவும் கீழே இருந்தது. மலவாயை நிரந்தரமாக மூடி, பெருங்குடலின் முனையை வயிற்றில் கொண்டுவந்து வைத்தால்தான் உயிர் தப்பும் என்றார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை நடந்தது. அறுத்த டாக்டரின் கைகளை நான் சாகும்வரை கும்பிடுவேன். புற்று போய்விட்டது. அத்தை உயிரோடு இருக்கிறார்.

ஆனால் அறுவைக்கு முன்னால், பை எந்த இடத்தில் வரப்போகிறது என்று அவரை நிற்கவைத்து, உட்காரவைத்து, குனியச்சொல்லி யாரும் பார்க்கவில்லை. அவர் சேலை எங்கே கட்டுகிறார் என்று கேட்கவில்லை. மேசையில் மல்லாந்து படுத்திருக்கும் வயிறு வேறு, எழுந்து நிற்கும் வயிறு வேறு. தையல் ஆறி, முதன்முதலாகப் பாவாடை கட்டியபோதுதான் தெரிந்தது, நாடா சரியாக அந்த வாயின் மேலேயே விழுகிறது. சிறு வயதிலிருந்து நாடா இறுகி இறுகி அவர் இடுப்பில் ஒரு தடம் உண்டு. அந்தத் தடத்திலேயே வாய். நாடாவை மேலே ஏற்றினால் சேலை நிற்கவில்லை. கீழே இறக்கினால் கொசுவம் தடுக்குகிறது. உட்கார்ந்து தறிக்குத் தார் சுற்றினால் வயிறு மடிந்து பையின் ஓரம் பிளந்துகொள்கிறது. அறுவைக்கு முந்தின நாள் ஒரு செவிலியர் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தால் போதும், இந்தப் பாடு இருந்திருக்காது. நோயாளியின் கண்ணுக்குத் தெரிகிற இடமாக, மடிப்பு விழாத இடமாக, எலும்புக்கும் தொப்புளுக்கும் பழைய தழும்புக்கும் தள்ளி, வேட்டியோ பாவாடையோ கட்டும் கோட்டைத் தவிர்த்து அந்தப் புள்ளியை வைக்க வேண்டும். அதற்கென்று பயின்ற செவிலியர்கள் உலகமெங்கும் செய்கிற முதல் வேலை இது. உங்கள் பகுதியிலிருந்து யாராவது குடல் அறுவைக்குக் கிளம்புகிறார்கள் என்று தெரிந்தால், "எங்க பை வைக்கப் போறீங்கன்னு முன்னாடியே குறிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அவசர அறுவையில் அதற்கு நேரம் இருக்காது. நாள் குறித்துச் செய்யும் அறுவையில் தாராளமாக நேரம் உண்டு.

வீட்டுக்கு அனுப்பிய அன்று வார்டு நிறைய ஆட்கள். செவிலியர் ஒருவர், ஓட்டமும் நடையுமாக வந்து, பையை எப்படி எடுப்பது, எப்படி ஒட்டுவது என்று ஒருமுறை காட்டினார். கார் வாசலில் நின்றது. கையில் சில பைகளும், ஓட்டை வெட்டுவதற்கு அளவு வரைந்த ஓர் அட்டையும் கொடுத்தார்கள். அந்த அளவு என்றைக்கும் அப்படியே இருக்காது என்று யாரும் சொல்லவில்லை.

அறுவை முடிந்த புதிதில் குடல்வாய் வீங்கியிருக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் சுருங்கும். வாய் சுருங்கச் சுருங்க, பழைய அளவில் வெட்டிய ஓட்டைக்கும் அதற்கும் நடுவில் தோல் வெளியே தெரிய ஆரம்பிக்கும். அங்கேதான் மலம் தேங்கும். அத்தையின் வயிற்றில் வாயைச் சுற்றி வளையல் கனத்துக்கு ஒரு சிவப்பு வட்டம் விழுந்தது. பிறகு தோல் உரிந்தது. உரிந்த தோலில் நீர் கசிந்தது. பையைத் தாங்கித் தோலில் ஒட்டும் பிளேட் ஈரத்தில் ஒட்டவில்லை. ஒட்டாததால் இன்னும் கசிந்தது. கசிந்தது இன்னும் தோலை அரித்தது. இராத்திரி இரண்டு மணிக்குப் பாயை உருவி, சேலையை அவிழ்த்து, வெந்நீர் வைத்துத் துடைத்து, மறுபடி ஒட்டி, விடியும் முன்னால் அது மறுபடி பிரிந்துகொள்ளும். அத்தை அழ மாட்டார். "எனக்கு எதுக்குச் சாமி இந்த உசிரு" என்பார். சாப்பிட்டால்தானே வெளியே வருகிறது என்று சோற்றைக் குறைத்துக்கொண்டார். புற்றுநோயில் இளைக்காத உடம்பு அந்த மாதங்களில் இளைத்தது.

கோவையில் ஒரு மருத்துவமனையில் இதற்கென்றே பயின்ற செவிலியர் ஒருவர் இருக்கிறார் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லிப் போனோம். அந்த அம்மாள் முதலில் பையைத் தொடவில்லை. அத்தையை நாற்காலியில் உட்காரச் சொல்லி, "சாப்பிடறீங்களா? தூங்கறீங்களா? எங்கயாச்சும் வெளிய போறீங்களா?" என்று கேட்டார். அதன் பிறகுதான் சேலையை விலக்கினார். பிளேட்டைப் பிடித்து இழுக்காமல், ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு மேலிருந்து கீழாக மெல்ல உரித்தார். உரித்த பிளேட்டைத் தூக்கிப் போடவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கம் அரித்திருக்கிறது, கசிவு எந்த வழியாக ஓடியிருக்கிறது என்று எனக்கு விரல் வைத்துக் காட்டினார். வெதுவெதுப்பான தண்ணீர், பழைய வேட்டித் துணி, அவ்வளவுதான். டெட்டால் கிடையாது, ஸ்பிரிட் கிடையாது. புண்ணுக்கு நாங்கள் தடவி வந்த தேங்காய் எண்ணெயை நிறுத்தச் சொன்னார். எண்ணெய்ப் பசை இருந்தால் எந்தப் பிளேட்டும் பிடிக்காது. உரிந்த இடத்தில் மட்டும் அதற்குரிய பவுடரைத் தூவி, அதிகப்படியானதைத் துடைத்தெடுத்தார். வாயை அளந்து, அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாகப் புது ஓட்டை வெட்டினார். வெட்டிய ஓரத்தை விரலால் தேய்த்து மழுங்கடித்தார். வயிறு மடியும் பள்ளத்தில் பேஸ்ட் வைத்து மேடாக்கினார். பிளேட்டை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துச் சூடேற்றினார். ஒட்டிய பிறகு அத்தையின் கையையே அதன் மேல் வைத்து, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார்.

அதுவரை அத்தை அந்த வாயைத் தொட்டதில்லை. பார்த்ததுகூட இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்றைக்கு அந்தச் செவிலியர் கண்ணாடியைப் பிடித்து, "பாருங்கம்மா. உங்க கன்னத்துக்கு உள்பக்கம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்குது. சிவப்பா, ஈரமா இருந்தா நல்லா இருக்குதுன்னு அர்த்தம். தொட்டா வலிக்காது, அதுக்கு அந்த நரம்பே கிடையாது" என்றார். அத்தை விரல் நுனியால் தொட்டார். "நாத்தம் வருதா கண்ணு?" என்று கேட்டார். "பை சரியா ஒட்டியிருந்தா பக்கத்துல உக்காந்திருக்கிற எனக்கே தெரியாதுங்கம்மா" என்றார் அவர்.

புண் ஆற அதிக நாள் ஆகவில்லை. தூக்கம் அதற்கு முன்னமே வந்துவிட்டது.

இதில் நீங்கள் செய்ய முடியாத காரியம் எது? கத்தி இல்லை, ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை. அளக்கத் தெரிய வேண்டும், தோலைப் பார்க்கத் தெரிய வேண்டும், உட்கார்ந்து கேட்கப் பொறுமை வேண்டும். பிரசவம் பார்க்கவும் பச்சைக் குழந்தைக்குத் தடுப்பூசி போடவும் பயின்றவர்கள் நீங்கள். இந்தக் கலைக்கு உங்களைவிடத் தகுந்த கை வேறு கிடையாது. ஆஸ்பத்திரியின் பொறுப்பு தையல் பிரித்ததோடு முடிந்துவிடுகிறது. பை பிரிவதும், தோல் உரிவதும், மனம் நொந்துபோவதும் காளிப்பட்டியிலும் மல்லசமுத்திரத்திலும் நடக்கிறது. ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலத்துக்குப் பஸ் ஏறுவதற்குள் பை நிரம்பிவிடுமோ என்று பயந்தே பலர் மறுபடி டாக்டரிடம் போவதில்லை.

குடல்வாய்ப் பராமரிப்பு என்ற இந்தத் துறையே நோயாளியும் செவிலியரும் சேர்ந்து உண்டாக்கியது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1954-இல் டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்ற செவிலியர், தோரா என்ற தன் தங்கைக்குக் குடல்வாய் வைத்த பிறகு அவர் வெளியே போகவே அஞ்சி வீட்டில் முடங்கியதைப் பார்த்தார். தோலில் ஒட்டிக்கொள்ளும், கழற்றி எறியக்கூடிய பையைப் பற்றிய எண்ணம் அவருக்குத் தோன்றியது அதனால்தான். பிளாஸ்டிக் பை செய்யும் ஆகே லூயி ஹான்சன் என்பவரிடம் போய்க் கேட்டார். அவரைச் சம்மதிக்க வைத்தவர் அவருடைய மனைவி ஜோஹானே. அவரும் செவிலியர் பயிற்சி பெற்றவர். அதிலிருந்துதான் 1957-இல் கோலோபிளாஸ்ட் என்ற கம்பெனி பிறந்தது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக்கில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர், தன்னிடம் அறுவை செய்துகொண்ட நார்மா கில் என்ற பெண்ணை 1958-இல் வேலைக்கு அழைத்துக்கொண்டார். அவர் டாக்டரும் இல்லை, செவிலியரும் இல்லை. தன் வயிற்றிலேயே பையோடு வாழ்ந்தவர். தான் பட்டதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1961-இல் அங்கே அதற்கு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1978-இல் ஸ்டோமா என்னும் குடல்வாயைப் பராமரிக்கும் பல நாட்டுச் செவிலியர்களைச் சேர்த்து ஒரு உலக அமைப்பையும் நார்மா கில் உண்டாக்கினார். நம் நாட்டில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் ஸ்டோமாவுக்கென்றே தனிக் கிளினிக்கும் செவிலியர்களுக்கு அதற்கான படிப்பும் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்று செவிலியர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பதெல்லாம், அந்த அறிவில் ஒரு பங்கு நம் வட்டாரத்துக்கு வரவேண்டும் என்பதுதான். நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வட்டாரத்துக்கு ஒரு செவிலியரையாவது சில வாரம் அனுப்பிப் பயிற்றுவித்தால் மற்றவர்களுக்கு அவர் சொல்லித் தருவார்.

பயிற்சி வரும்வரை காத்திருக்க வேண்டாத விஷயங்களும் உண்டு. அவற்றில் முதலாவது உங்கள் கையில் இருக்கும் மாத்திரைகளைப் பற்றியது.

பெருங்குடலை வெளியே வைத்திருப்பவர்களுக்கு மலம் ஓரளவு கெட்டியாக வரும். சிறுகுடலை வெளியே வைத்திருப்பவர்களுக்கு அப்படி இல்லை. நாள் முழுக்கத் தண்ணீராகவே போகும். தண்ணீரோடு உப்பும் போகும். சித்திரை வைகாசியில் நம் ஊர் வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தறி ஓட்டும் ஒருவருக்குச் சிறுகுடல் பை இருக்கிறது என்றால், வேர்வையிலும் போகிறது, பையிலும் போகிறது. இப்படிப்பட்டவருக்கு இரத்தக் கொதிப்புக்காக நீர் பிரியும் மாத்திரையையும் கொடுத்துவிட்டால் சிறுநீரகம் தாங்காது. யாருக்குச் சிறுகுடல் பை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் மாத்திரையைக் கொடுக்கும் முன் மருத்துவ அலுவலரைக் கேட்பீர்கள். தலைசுற்றல், வறண்ட நாக்கு, குறைந்த சிறுநீர், கெண்டைக்காலில் பிடிப்பு என்று சொன்னால் வெறும் தண்ணீரை நிறையக் குடிக்கச் சொல்லி விட்டுவிடாதீர்கள். அது உப்பை இன்னும் அடித்துக்கொண்டு போகும். ஓ.ஆர்.எஸ். கொடுத்து டாக்டரிடம் அனுப்புங்கள். மெல்லக் கரையும் மாத்திரைகள் சிலருக்கு முழுசாகவே பையில் வந்து விழும். சிலவற்றில் மருந்து உடம்பில் இறங்கி வெறும் கூடு மட்டும் வரும், சிலவற்றில் மருந்தே இறங்காமல் வரும். எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது. சிறுகுடல் பை உள்ளவருக்கு மலமிளக்கி கொடுக்கவே கூடாது.

சாப்பாட்டைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்லி இவர்களைப் பட்டினி போட்டுவிடுகிறார்கள். நம் பக்கத்து ஜவ்வரிசியும் மரவள்ளிக் கிழங்கும் சோறும் வாழைப்பழமும் தண்ணீராகப் போவதைக் கெட்டிப்படுத்தும். வேர்க்கடலை, தேங்காய்ச் சில்லு, மக்காச்சோளம், முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத் தண்டு ஆகியவை சிறுகுடல் வாயில் அடைத்துக்கொள்ளக்கூடும். அறுவை முடிந்த முதல் வாரங்களில் வேண்டாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று சாப்பிட்டுப் பார்க்கலாம். நிலக்கடலை விளையும் ஊரில் கடலையே தொடாதே என்றால் யார் கேட்பார்கள்? பொடித்த கடலையோ கடலைச் சட்னியோ பெரும்பாலும் தொந்தரவு தராது. பூண்டும் முட்டையும் மீனும் வாடையைக் கூட்டும், தயிரும் மோரும் குறைக்கும். பெருங்குடல் பை உள்ள அத்தைக்கு இன்றைக்கு எந்தப் பத்தியமும் இல்லை.

பயப்பட வேண்டியது எப்போது, வேண்டாதது எப்போது என்று தெரியாமல் இவர்கள் தவிக்கிறார்கள். துடைக்கும்போது துணியில் இரண்டு சொட்டு இரத்தம் பட்டால் ஒன்றுமில்லை. வாய் ஊதா நிறமாகவோ கறுப்பாகவோ மாறினால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பையில் எதுவும் விழாமல், வயிறு உப்பி, முறுக்கி வலித்து, வாந்தியும் வந்தால் 108-ஐக் கூப்பிட வேண்டும். குடல் வழக்கத்தைவிட நீளமாக வெளியே தள்ளி வந்தாலும், வாயைச் சுற்றி வயிறு புடைத்தாலும் டாக்டர் பார்க்க வேண்டும். குடம் தூக்குவது, பாவு உருளை தூக்குவது, மூட்டை தூக்குவது இவர்களுக்கு ஆகாது.

பை மாற்ற நல்ல நேரம் விடிகாலை, காப்பி குடிக்கும் முன்னால். அப்போதுதான் வயிறு சும்மா இருக்கும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்துவிட வேண்டும். பாதிக்கு மேல் நிரம்பவிட்டால் கனத்தில் இழுத்துப் பிளேட்டைப் பிரித்துவிடும். காலி செய்வதற்கு நம் வீட்டுக் கக்கூஸில் குந்தி உட்கார்ந்தால் முடியாது. தாழ்ந்த முக்காலி ஒன்று வேண்டும். வாங்கிய பைகளைத் தறிக்கூடத்துச் சன்னலில் வைத்தால் வெயிலில் பசை கெட்டுவிடும். கழற்றியதைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பை வண்டியில் கொடுக்கலாம், எரிக்கக் கூடாது. இவையெல்லாம் சின்ன விஷயங்கள்தான். இவற்றை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக அழுது அழுது கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது காசு விஷயம். பிளேட்டும் பையும் சேர்ந்து வாங்கினால் தறி வேலையில் ஏறக்குறைய ஒரு நாள் கூலி போய்விடுகிறது. நன்றாக ஒட்டினால் மூன்றிலிருந்து ஐந்து நாள் தாங்கும். வேர்வைக் காலத்தில் அதுவும் இல்லை. அறுவைக்குக் காப்பீடு இருந்தது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் பையை நாங்கள் கைக்காசில்தான் வாங்குகிறோம். மல்லசமுத்திரத்து மருந்துக் கடைகளில் சொல்லி வைத்தால்தான் வரும். முடியாதவர்கள் பாலிதீன் கவரை இடுப்பில் கயிறு வைத்துக் கட்டிக்கொள்கிறார்கள். ஒரு தாய் குழந்தையின் வயிற்றில் துணியை வைத்துச் சுற்றி, அது நனைய நனைய மாற்றிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதன் பட்டியலில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. குடல்வாயோடு வாழ்வது அதில் இல்லை. அதனால் அந்த வழியில் கேட்கவும் இவர்களுக்கு ஒரு அட்டை கிடையாது.

ஆனால் உங்கள் திட்டத்தில் ஒரு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோதே, சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளத் தேவையான திரவப் பைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பது அதில் சேர்ந்திருந்தது. வலி நிவாரணச் சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் சேர்ந்திருந்தன. சிறுநீரக நோயாளிக்குப் பை கொண்டு வர முடியும் அரசுக்குக் குடல்வாய் உள்ளவருக்கும் பை கொண்டு வர முடியும். தேவை எவ்வளவு என்று மேலே யாரும் சொல்லாததால் அது நடக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். உங்கள் பதிவேட்டில் ஒரு வரி சேர்ந்தால் கணக்கு வரும். கணக்கு வந்தால் கேட்க முடியும். சர்க்கரை உண்டா, கொதிப்பு உண்டா என்று கேட்கும்போதே, "வயித்துல ஏதாச்சும் ஆப்ரேஷன் ஆயிருக்குதுங்களா, பை ஏதாச்சும் போட்டிருக்காங்களா" என்று கேளுங்கள். ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, உள்ளே வந்து, தாழ்ந்த குரலில் கேளுங்கள். வாசலில் நின்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

அப்படிக் கேட்கும்போது இன்னொன்றையும் விசாரியுங்கள். பையைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாரா? பலருக்குக் குடல்வாய் தற்காலிகமானதுதான். சில மாதங்களில் மூடிவிடலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் இங்கிலீஷில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல ஆளில்லாமல், இதுதான் தலையெழுத்து என்று வருடக்கணக்கில் சுமப்பவர்கள் இருப்பார்கள். அந்தச் சீட்டை நீங்கள் ஒருமுறை வாங்கிப் பார்த்தால் போதும்.

பையே இல்லாமலும் சிலர் இருக்க முடியும். அத்தையைப் போலப் பெருங்குடலின் இடக்கடைசிப் பகுதியை வெளியே வைத்திருப்பவர்கள், தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ, வெதுவெதுப்பான தண்ணீரைக் குடல்வாய் வழியாக மெல்ல உள்ளே விட்டு மொத்தமாகக் கழுவிவிடலாம். அதன் பிறகு அடுத்த முறை வரை பெரும்பாலும் எதுவும் வராது. ஒரு சின்னத் துணியட்டை வைத்து மூடிக்கொண்டால் போதும். பைச் செலவு பெரும்பாலும் மிச்சம். டாக்டர் சம்மதித்த பிறகு, தெரிந்த செவிலியர் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டிய வேலை இது. குழாய் முனைக்குக் கூம்பு வடிவ மூடி இருக்க வேண்டும், வெறும் குழாயைச் செருகினால் குடல் கிழிந்துவிடக்கூடும். சிறுகுடல் பை உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது. எங்களுக்கும் அந்தக் கோவைச் செவிலியர்தான் பழக்கிவிட்டார். சென்ற தைப்பூசத்துக்கு அத்தை காளிப்பட்டிக் கந்தசாமி கோயிலுக்கு வந்தார். கூட்டத்தில் நின்று கும்பிட்டார். பையோடு கோயிலுக்குள் போகலாமா என்று அதற்கு முன்னால் எத்தனையோ முறை என்னைக் கேட்டிருக்கிறார். எல்லார் வயிற்றுக்குள்ளும் இருப்பதுதான் உங்கள் வயிற்றிலும் இருக்கிறது, போகலாம் அத்தை என்றேன். இதையே ஒரு நர்ஸம்மா சொல்லியிருந்தால் அவர் முதல் தடவையிலேயே நம்பியிருப்பார்.

கேட்க வெட்கப்படும் கேள்விகள் இன்னும் இருக்கின்றன. புருஷன் பொண்டாட்டி சேர்ந்து இருக்கலாமா? பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா? குளிக்கும்போது பையைக் கழற்ற வேண்டுமா? ரிக் வண்டித் தம்பியின் மனைவி என்னிடம் முதல் கேள்வியைக் கேட்டாள், நான் பெண் என்பதால். டாக்டரிடம் அவள் கேட்கவே மாட்டாள். பெரும்பாலானவர்களுக்கு எல்லாமே முடியும். கீழே மலக்குடல் வரை அறுத்தவர்களில் சிலருக்கு நரம்பு பாதித்துச் சிரமம் இருக்கலாம், அதற்கும் மருத்துவம் உண்டு. கருத்தரிப்பதற்கு முன் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். பையோடும் குளிக்கலாம், கழற்றிவிட்டும் குளிக்கலாம். தண்ணீர் உள்ளே போய்விடாது. குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி இந்த ஊர்ப் பெண்களிடம் கூச்சமில்லாமல் பேசி வென்றவர்கள் உங்களுக்கு முன் இருந்த செவிலியர்கள். அந்த வழியில் வந்த உங்களுக்கு இது பெரிய காரியம் இல்லை.

நீங்கள் ஏற்கெனவே எத்தனை பதிவேடு எழுதுகிறீர்கள், எத்தனை மைல் நடக்கிறீர்கள், மாலையில் எத்தனை செயலியில் எண்களை ஏற்றுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்னொரு சுமையை ஏற்றுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு வட்டாரத்தில் இப்படி இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கமாட்டார்கள். ஆனால் இவர்கள் ஒவ்வொருவருக்கும் நீங்கள் செலவிடும் முதல் ஒரு மணி நேரம், அவர்கள் வீட்டின் பல மாதத் தூக்கத்தைத் திருப்பித் தரும்.

அத்தையிடம் இந்த மடலைப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போனார். திரும்பி வந்து, "அவுங்கள நம்ம வீட்டுக்கு வரச்சொல்லு. என் வயித்தயே காட்டறேன். அளந்து, வெட்டி, ஒட்டிப் பழகிட்டுப் போவட்டும்" என்றார். வாசலுக்கே வராதவர் சொன்ன வார்த்தை இது. எனவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்கள் அடுத்த கூட்டம் நடக்கும்போது மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேட்டு, இரண்டு மூன்று பேராக வாருங்கள். விடிகாலை ஆறு மணிக்கு வந்தால் நல்லது. பிளேட், பை, பவுடர், பேஸ்ட், அளவு அட்டை எல்லாம் வீட்டில் இருக்கின்றன. முனை வளைந்த சிறு கத்தரிக்கோல் ஒன்று மட்டும் கொண்டுவாருங்கள், எங்களுடையது மழுங்கிவிட்டது. ரிக் வண்டித் தம்பியையும் அவன் மனைவியையும் அன்றைக்கு வரச்சொல்லியிருக்கிறேன். சிறுகுடல் வாய் எப்படி இருக்கும் என்று நீங்கள் அவனிடம் பார்த்துக்கொள்ளலாம். அவனுக்கு இப்போது தோல் உரிந்திருக்கிறது.

இப்படிக்கு,
மல்லசமுத்திரத்திலிருந்து ஒரு மருமகள்